ராணியை 'நீ'ன்னு சொல்லலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

ஆம்பூர்ல இருந்து எழுதுறேன். ஒரு ஃபேன்டசி நாவல் எழுதிட்டு இருக்கேன். மலைக்கு நடுவுல ஒரு ராஜ்யம், அதுல பிரபுக்கள்ல மட்டும் ஏழு அடுக்கு, ஒவ்வொன்னுக்கும் நானே ஒரு பட்டம் உருவாக்கி அட்டவணை போட்டு செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன். மூணு அத்தியாயம் படிச்ச ஃப்ரெண்டு, டப்பிங் படம் பாக்குற மாதிரி இருக்குன்னுட்டான். 'மாட்சிமை பொருந்திய பேரரசே'ன்னு வர்ற எடத்துல எல்லாம் சிரிக்கிறான். இன்னொன்னு, உங்க தொடர்ல தளபதி ராணிகிட்ட கடைசி வரைக்கும் 'தாங்கள்'னு பேசிட்டு சுரங்கத்து வாசல்ல மட்டும் 'நீ போ'ன்னு சொல்றான். அது பிழையா, வேணும்னே எழுதினதா?

அன்புள்ள தம்பி,

பிழை இல்லப்பா, வேணும்னே எழுதினது. அந்த ஒரு 'நீ'க்காகத் தான் அத்தனை அத்தியாயம் அவனை 'தாங்கள்'னு சொல்ல வெச்சேன். கோட்டை விழுந்தாச்சு, சுரங்கத்துல ஒருத்தர் தான் தப்பிக்க முடியும், இனிமே அவளுக்கு ராஜ்யமும் இல்ல அவனுக்குப் பதவியும் இல்ல, அங்க போய் அவன் 'தாங்கள் செல்லுங்கள்'னு சொன்னா அவன் இன்னும் சம்பளத்துக்கு வேலை பாக்குறான்னு அர்த்தம். நீ அதைக் கவனிச்சிருக்க பாரு, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

டப்பிங் மாதிரி இருக்குன்னு உன் ஃப்ரெண்டு சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்கிலீஷ்ல ராஜாவுக்கும் 'யூ' தான் குதிரைக்காரனுக்கும் 'யூ' தான். அங்கயும் ஒரு காலத்துல ரெண்டு வார்த்தை இருந்துச்சு, கீழ இருக்கிறவங்களுக்கும் நெருங்கினவங்களுக்கும் 'தௌ', மேல இருக்கிறவங்களுக்கு 'யூ'ன்னு. அந்த 'தௌ' பேச்சுல இருந்து போயிடுச்சு. அதனால அந்த மொழியில ஃபேன்டசி எழுதுறவங்க யாரு பெரியவன்னு காட்டணும்னா பெரும்பாலும் பட்டத்தைத் தான் பிடிச்சுக்கணும், வரிக்கு ஒரு தடவை பிரபுவே, மன்னரேன்னு போடணும். நமக்கு அந்த நெலமை இல்ல. வா, வாரும், வாங்க, வாருங்கள், எழுந்தருளுங்கள், இதுல எதைச் சொன்னான்னு தெரிஞ்சாலே ரெண்டு பேரும் எந்தப் படியில நிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும். நீ அட்டவணை போட்ட அந்த ஏழு அடுக்கும் நம்ம வினைச்சொல்லோட வால்லயே இருக்கு.

நம்ம ஊர்க் கல்லுலயே இதைப் பாக்கலாம். காட்பாடிப் பக்கம் பொன்னை ஆத்தங்கரையில மேல்பாடி இருக்கு, அங்க ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையா, அதாவது இறந்த ராஜாவோட நினைவுக் கோயிலா, ஒரு கோயில் கட்டினான். கல்வெட்டுல அரிஞ்சயனை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'னு தான் சொல்றாங்க. செத்தார்னு சொல்லல, துஞ்சினார், அதாவது ஆற்றூர்ல தூங்கினவர். அரக்கோணம் பக்கம் தக்கோலத்துல 949ல நடந்த சண்டையில யானை மேலயே செத்த சோழ இளவரசன் ராஜாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின' தேவர். சாவே பட்டம் ஆயிடுச்சு பாரு. கோயிலையும் ராஜா கட்டல, 'எடுப்பித்தருளினார்'. அவர் வாயைத் தொறந்து ஒன்னு சொன்னா அது 'திருவாய்மொழிந்தருளினார்'. ஒரு எழுத்தாளனா எனக்கு இந்த 'அருளினார்' ஒரு பெரிய கருவி, உன் ராஜ்யத்துல யாருடைய வினைக்கெல்லாம் அந்த 'அருள்' ஒட்டும்னு முடிவு பண்ணிட்டாப் போதும், பாதி அரண்மனை எழும்பிடும். இன்னொன்னும் கவனி, ராஜராஜன் 'கட்டினான்'னு தான் இப்ப நான் எழுதினேன், நம்ம எல்லாரும் அப்படித் தான் எழுதுறோம், ஆனா இன்னைக்கு ஒரு தாசில்தாரை 'வந்தான்'னு அவர் முன்னாடி நின்னு சொல்ல முடியுமா?

தஞ்சாவூர்ல இதை விட எனக்குப் பிடிச்ச ஒரு எடம் இருக்கு. பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையை 'ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார்'னு ஆரம்பிச்சு மூச்சு முட்ட எழுதி வெச்சிருக்காங்க, அது அலுவலகத்து மொழி. ஆனா எதை எல்லாம் கல்லுல வெட்டணும்னு ராஜாவே சொல்ற எடத்துல 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்'னு வருது. அக்கன், அவ்ளோ தான். அத்தனை பட்டம் இருக்கிற பொம்பளைய பட்டம் இல்லாம கூப்பிட உரிமை இருக்கிற ஒரு வாய் அது. அதை முதல் தடவை படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இனி என் சொந்தக் கதை ஒன்னு. குடியாத்தம் பக்கம் எங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் நெலம் இருந்துச்சு, மடை திருப்ப காலனில இருந்து ஒரு பெரியவர் வருவாரு. இப்ப 'வருவாரு'ன்னு எழுதுறேன், அப்ப ஏழு வயசுல நான் அவரைப் பேர் சொல்லி வா போன்னு தான் கூப்ட்டேன், அதை யாரும் தப்புன்னு சொல்லல. அவர் என்னை 'இன்னா சின்ன ஆண்டே, வெயில்ல நிக்கிறீங்களே'ம்பாரு, ஆண்டேன்னா எஜமான். அவரோட பேரன் என் கிளாஸ். ஸ்கூல்ல 'வாடா, இன்னாடா'ன்னு தோள்ல கை போட்டுட்டு சுத்துவான். லீவு நாள்ல அவன் தாத்தா கூட எங்க நெலத்துக்கு வந்தான்னா மட்டும் வேற மாதிரி ஆயிடுவான். 'தண்ணி வேணுமா?' 'சாப்ட்டாச்சா?' 'கெளம்பியாச்சா?' இப்படித் தான் பேசுவான். நல்லாப் பாரு, இந்த மூணுல எதுலயும் நீயும் இல்ல நீங்களும் இல்ல. வாடான்னு சொன்னா அவன் தாத்தா மொகம் மாறும், வாங்கன்னு சொல்ல அவன் மனசு வரல, அதனால ஆளே இல்லாத வினையா தேடித் தேடிப் பேசினான். எட்டு வயசுப் பையன். அது எனக்குப் புரியவே பல வருஷம் ஆச்சு, புரிஞ்சப்புறம் இன்னைக்கு வரைக்கும் அது போகல.

அதனால நான் உன்கிட்ட கேக்குறது இது தான். பட்டம் யாருக்கு இருக்குன்னு நீ அட்டவணை போட்டிருக்க, அதைச் சொல்ல வேண்டிய வாய் யாரோடதுன்னு போட்டியா? குதிரை லாயத்துல இருக்கிறவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்றான், சொல்லாம இருக்க என்ன வழி தேடுறான், எவன் ஒருத்தன் அதைச் சொல்லாமலே தப்பிக்கிறான், எனக்கு அதைப் படிக்கணும். பால் குடுத்து வளத்த கிழவி ஒருத்திய அரண்மனைக்குள்ள கொண்டு வா. சபை முழுக்க 'அருளினார்'னு நிக்கும்போது அவ மட்டும் ராஜாவை 'இன்னா நைனா, எளச்சுப் போயிட்ட'ன்னு கேக்கட்டும். நைனான்னா நம்ம பக்கம் அப்பன், ஆனா கொஞ்சும்போது பேரனையும் அப்படித் தான் கூப்பிடுவோம், மரியாதை இல்லாம இல்ல, தூரம் இல்ல. வள்ளிமலையில முருகன் முன்னாடி நின்னு 'நீ தான் பாத்துக்கணும்'னு தானே சொல்றோம், தாங்கள்னு சொல்றோமா?

பட்டமே வேணாம்னு சொல்லல. பட்டத்துக்கும் பின்னாடி ஒரு கதை இருந்தா வெச்சுக்கோ. ஆற்காட்டு நவாப் 1855ல வாரிசு இல்லாம இறந்ததும் கம்பெனிக்காரன் நவாப் பதவியையே எடுத்துட்டான், அப்புறம் 1867ல அவரோட சித்தப்பாவுக்கு விக்டோரியா ராணி 'ஆற்காட்டு இளவரசர்'னு ஒரு பட்டம் குடுத்தாங்க. ராஜ்யம் போயிடுச்சு, நவாப் இளவரசர் ஆனாரு, அந்தப் பட்டம் சென்னையில இன்னும் இருக்கு. உன் ஏழு அடுக்குல ஒரு பிரபு அப்படி இருந்தா, நெலத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு நீளமா ஒரு பேரை மட்டும் குடுத்து அனுப்பினாங்கன்னா, அந்தப் பேரை வேலைக்காரன் முழுசா சொல்றானா பாதியில நிறுத்துறானான்னு அவர் காத்துட்டு இருக்கிற ஒரு காட்சிய எழுதலாம்.

'மாட்சிமை பொருந்திய'வை எடுத்துடு. அட்டவணையை செவுத்துல இருந்து கழட்டி வெச்சிட்டு, முதல் அத்தியாயத்துல வர்ற அந்தக் குதிரைக்காரன் பையனை வெச்சு ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. பட்டத்து இளவரசனும் அவனும் ஒரே வயசு, சின்ன வயசுல சேந்து வெளையாடினவங்கன்னு வெச்சுக்கோ. இளவரசன் லாயத்துக்குள்ள வர்றான், பையன் 'கெளம்பியாச்சா?'ன்னு கேக்குறான், அங்க இருந்து ஆரம்பி.

அன்புடன்,
அண்ணன்
வேலூர்