அமெரிக்கப் புறநகர் அலுவலக வளாகங்கள் ஏன் கல்லூரிகளைப் போல இருக்கின்றன?

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் நகரத்தை விட்டு வெளியேறி, ஏரியும் புல்வெளியுமாகக் கல்லூரி போன்ற வளாகங்களைக் கட்டிக்கொண்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லூரியைப் போல இருப்பது தற்செயல் அன்று, தொடக்கத்தில் அதுவே நோக்கமாக இருந்தது.

தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் ஆராய்ச்சிப் பிரிவான பெல் ஆய்வகம் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இருந்தபோது தெருவின் இரைச்சலும் அதிர்வும் நுண்ணிய அளவீடுகளுக்கு இடையூறாக இருந்தன. 1940களின் தொடக்கத்தில் நியூஜெர்சியின் மரே ஹில்லில் புதிய வளாகம் எழுந்தது. பேராசிரியராகியிருக்கக்கூடிய ஓர் இயற்பியலாளரைத் தொலைபேசி நிறுவனத்துக்கு வரவழைக்க வேண்டுமானால், அந்த இடமும் பல்கலைக்கழகத்தின் சாயலில் இருந்தாக வேண்டும் அல்லவா? இன்றைய மின்னணுக் கருவிகளுக்கெல்லாம் அடிப்படையான டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அங்கேதான் பிறந்தது. அதன் பிறகு புல்வெளிக்காக வாதாட எந்த நிறுவனத் தலைவரும் அதிகம் சிரமப்பட்டிருக்க மாட்டார்.

1956-இல் மிச்சிகன் மாநிலத்தின் வாரன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. 22 ஏக்கர் செயற்கை ஏரியைச் சுற்றி கட்டடக்கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த அந்த வளாகத்தில், சன்னல் கண்ணாடிகளைப் பொருத்துவதற்குக் காரின் கண்ணாடிக்குப் பயன்படுவதைப் போன்ற செயற்கை ரப்பர்ப் பட்டைகள் பயன்பட்டன. அதே ஆண்டில்தான் நாடெங்கும் அதிவேக நெடுஞ்சாலைகள் அமைக்க வழிசெய்த சட்டமும் நிறைவேறியது. கார் இல்லாதவர் வந்து சேர முடியாத இடத்தில் அலுவலகம் அமைக்கலாம் என்ற துணிச்சலை இவைதான் வளர்த்தன.

சாரினென் வடிவமைத்து, அவர் மறைந்த மறு ஆண்டான 1962-இல் திறக்கப்பட்ட, நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் உள்ள பெல் ஆய்வகக் கட்டடத்துக்குள் நான் நடந்திருக்கிறேன். நுழைவாயிலில் டிரான்சிஸ்டர் வடிவில் மூன்று கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. அதற்கப்பால் வானத்தையும் மரங்களையும் பிரதிபலிக்கும் மிகப்பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே போனால்தான் வியப்பு: அந்தக் கண்ணாடிச் சுவரை ஒட்டி இருப்பவை நடைக்கூடங்கள் மட்டுமே. ஆய்வாளர்களின் அறைகள் வெளிப்புறச் சன்னல் இன்றி உட்புறத்தில் அமைந்திருந்தன. வேலை செய்பவருக்குக் கிடைக்காத காட்சி, காப்பி எடுக்க நடந்து போகிறவருக்குக் கிடைத்தது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாக ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது முழு நிறைவைத் தரவில்லை.

1982-இல் கட்டடக்கலைஞர் கெவின் ரோச் கனெக்டிகட்டின் டான்பரியில் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்கு (போபாலால் நாம் அறிந்த அதே நிறுவனம்) கட்டிய தலைமையகம் இதையும் மிஞ்சியது. வாகன நிறுத்துமிடத்தைக் கட்டடத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொரு தளத்திலும் காரை நிறுத்தியவர் அதே தளத்தில் தம் அறைக்கு நடந்து போகும்படி அமைத்தார். சுற்றிலும் காடு, அதில் கால் வைக்கும் தேவை யாருக்கும் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் எல்லாம் திட்டமிடல் அறிவு என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கை விட்டுப் போன நிறுவனங்களை நகர வாழ்க்கை ஆய்வாளர் வில்லியம் ஒயிட் ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை தலைமை அதிகாரியின் வீட்டுக்கு அருகிலேயே குடியேறியிருந்தது தெரியவந்தது.

ஒரே நிறுவனத்துக்கென்று தைத்த சட்டை வேறொருவருக்குப் பொருந்துவது கடினம். ஹோம்டெல் வளாகம் 2000களில் காலியாகி, இடிபடும் நிலைவரை போய்த் தப்பியது. இன்று அதன் உள்முற்றத்தில் கடைகளும் உணவகங்களும் ஊர் நூலகமும் இயங்குகின்றன. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.