காக்டெயில் என்றால் மது மட்டும்தானா?

ராயபுரம்: சார், காக்டெயில் என்றாலே மதுதானே?

முதலில் அதுதான், தம்பி. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு சேர்ந்ததே காக்டெயில் என்று 1806-ல் அமெரிக்காவின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று விளக்கம் கொடுத்தது. அப்புறம் எதைக் கலந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

காசிமேடு: ரிசப்ஷன் மெனுவில் இறால் காக்டெயில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம்மா. வேகவைத்து ஆறிய இறாலை, மயோனைஸும் தக்காளி சாஸும் கலந்து பிரட்டித் தருவது அது. சாஸில் கொஞ்சம் பிராந்தி விடுபவர்களும் உண்டு, சமையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொளத்தூர்: பறவைக் கடையில் 'காக்டெயில் ஜோடி' என்கிறார்களே?

அது காக்கட்டீல். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கொண்டைக்கிளி, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம் இருக்கும். வாய்க்கு வந்தபடி பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

வியாசர்பாடி: அப்பாவுக்கு டிபி. மருந்து காக்டெயில் என்றார் டாக்டர். இத்தனை மருந்து எதற்கு என்று அப்பா பாதியில் நிறுத்தப் பார்க்கிறார்.

நிறுத்த விடாதீர்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தம்பூட்டால் என நான்கையும் சேர்த்து இரண்டு மாதம், பிறகு மூன்றை நான்கு மாதம் என்பது சாதாரண டிபிக்கு வழக்கம். ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு அடங்காத சில கிருமிகள் பிழைத்துப் பெருகிவிடும். நான்குக்கும் ஒருசேரத் தப்புவது மிக அரிது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுப்பதும் இதே காரணத்தால்தான். இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் கிருமி உள்ளே இருக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பதற வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். குடிப்பழக்கம் இருந்தால் இப்போது அறவே கூடாது, கல்லீரல் தாங்காது. அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரை இலவசம்.

தண்டையார்பேட்டை: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மொலோடோவ் காக்டெயில்?

பெட்ரோல் குண்டுதான். 1939-ல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது, சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவைக் கிண்டல் செய்து பின்லாந்துக்காரர்கள் வைத்த பெயர்.

எண்ணூர்: எங்கள் காற்றை 'கெமிக்கல் காக்டெயில்' என்கிறார்கள். மிகைப்படுத்தலா?

இல்லைங்க. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போகின்றன. ஆனால் வரம்பு வைப்பது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும் சேர்ந்து தாக்கும்போது பாதிப்பு கூடலாம். அதனால் கூட்டங்களில் பேசும்போது, 'எல்லாம் சேர்ந்தால் எங்கள் நுரையீரலுக்கு என்ன ஆகும்?' என்று தெளிவாகக் கேளுங்கள்.