கோய் மீன் கேள்வி-பதில்: தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல

கே: 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் நான்கு கோய்க் குஞ்சுகள் வைத்திருக்கிறேன். தொட்டிக்குத் தகுந்த அளவுதான் மீன் வளரும் என்கிறார்களே?

ப: இல்லை. கோய் என்பது 60 செ.மீ.க்கு மேல் வளரக்கூடிய அலங்காரக் கெண்டை மீன். சின்னத் தொட்டியில் அது குன்றிப்போவது கழிவு சேர்ந்து தண்ணீர் கெடுவதால்தான். விரல் நீளக் குஞ்சுகளைச் சில மாதம் அதில் வைத்துக்கொள்ளலாம். பிறகு குளம் வேண்டும். மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டர், ஆழம் 1.2 மீட்டருக்குக் குறையாமல்.

கே: புது சிமென்ட் குளம். ஃபில்டரை ஒரு வாரம் ஓடவிட்டுப் பிறகுதான் மீன் விட்டேன். பத்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கிறது!

ப: மீன் கழிவிலிருந்து உண்டாகும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டரை வெறுமனே ஓடவிட்டால் இவற்றை மாற்றிக் கழிக்கும் பாக்டீரியா அதில் வளராது. அதற்கு உணவே அம்மோனியாதான். மீன் விட்ட நாளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. ஃபில்டரில் பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

இன்றே தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்ப் இன்னொன்று சேருங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். பூஜ்யம் தவிர எது வந்தாலும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்; ஊற்றும் புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்துகொள்ளுங்கள். மறுநாளும் பாருங்கள், தேவைப்பட்டால் திரும்ப மாற்றுங்கள்.

ஒரு மீனைப் பிடித்து, செவுள் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இல்லாமல் பழுப்படித்திருந்தால் பெரும்பாலும் நைட்ரைட். அதற்கு உப்பு உதவும்: எதுவும் சேர்க்காத கல்லுப்பு, 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ, வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்ற வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். ஆனால் ஃபில்டரில் ஜியோலைட் (அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் கல்) இருந்தால் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பிடித்து வைத்த அம்மோனியாவை உப்புத் தண்ணீரில் அது திரும்பக் கக்கிவிடும். உப்பு ஆவியாகாது என்பதும் நினைவிருக்கட்டும். வெயிலில் வற்றியதற்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு சேர்க்கக் கூடாது.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பாருங்கள். பூச்சு போடாத புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து அதை ஏற்றிவிடும். பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகும்.

கே: தண்ணீர் பச்சையாகிவிட்டது. யுவி (புற ஊதாக் கதிர்) விளக்கு போட்டால் சரியாகுமா?

ப: மிதக்கும் பாசிக்குச் சரியாகும். சுவரில் தொங்கும் நூல்பாசியைக் கையால்தான் இழுத்தெடுக்க வேண்டும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஒளி இருக்கும், யுவி குறைந்திருக்கும். கண்ணாடிக் குழாயில் படியும் வெண்படலத்தையும் துடைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில் மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான். எனவே ராத்திரி ஏர் பம்பை நிறுத்தவே கூடாது.

கே: ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாமா?

ப: கூடாது. குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். திரும்ப முதல் வாரக் கதைதான். குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அலசுங்கள், பாதியை இன்று, மீதியை இரண்டு வாரம் கழித்து.

கே: எவ்வளவு தீனி போடுவது?

ப: கோய்க்கு இரைப்பை கிடையாது. அதனால் ஒரே வேளையில் கொட்டுவதைவிட ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவை மூன்று நான்கு தடவை போடுங்கள். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஒன்றும் வேண்டாம். கெஞ்சுவதுபோல் கரைக்கு வரும், இரங்காதீர்கள்.

கே: புதிதாக வாங்கிய மீனை நேராகக் குளத்தில் விடலாமா?

ப: கூடாது. தனித் தொட்டியில் நான்கு வாரம் வையுங்கள், தண்ணீர் 22 முதல் 25 டிகிரி செல்சியஸில். கோய் மீன்களைக் கொல்லும் கோய் ஹெர்பிஸ் வைரஸ் இந்தச் சூட்டில்தான் வெளியே தெரியும். குளிர்ந்த தண்ணீரில் பதுங்கிக்கிடக்கும். மருந்து கிடையாது. தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி வையுங்கள். ஈர வலையே போதும், குளத்துக்கு நோயைக் கொண்டுபோக.