சம்பந்தி வீடு ஜெர்மன் கிராமத்தில்: 'கிராம அனுமதி' என்று ஒன்று உண்டா?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வயது 63, கணவருக்கு 68. மகன் ஜெர்மனியில் பிரேமன் நகரில் வேலை பார்க்கிறான். மருமகள் அந்த நாட்டுப் பெண். அவளுடைய பெற்றோர் எம்டன் நகருக்குப் பக்கத்தில் ரீசும் என்ற சிறிய கிராமத்தில் இருக்கிறார்கள். செப்டம்பரில் மூன்று வாரம் போகிறோம். அதில் பத்து நாள் சம்பந்தி வீட்டில். எங்கள் ஏஜென்ட், "கிராமத்தில் தங்கினால் அந்த ஊர் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும், போலீஸில் பதிய வேண்டும். சம்பந்தி ரத்த உறவு இல்லை, விசா தரமாட்டார்கள். ஆளுக்கு 25,000 ரூபாய் கொடுங்கள், எம்டனில் ஓட்டல் புக்கிங் காட்டி முடித்துத் தருகிறேன்" என்கிறார். அவர் சொல்வது சரியா? சனிக்கிழமை மாலை எம்டனில் இறங்கினால் கிராமத்துக்குப் பேருந்து கிடைக்குமா?

பதில்: சரியில்லை அம்மா. அவர் சொன்ன மூன்றுமே தவறு. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கிராம அனுமதி என்று ஜெர்மனியில் எதுவும் கிடையாது. ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கையில் இருந்தால் பெர்லினில் தங்குவதும் ரீசுமில் தங்குவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். போலீஸ் பதிவும் இல்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர் ஜெர்மனியில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கினால், மூன்று மாதத்துக்கு மேல் போனால்தான் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பத்தே நாள். நடுவில் ஓர் இரவு ஓட்டலில் தங்கினால் அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஜெர்மானியர்களுக்கு அது 2025 ஜனவரியோடு போய்விட்டது. வெளிநாட்டவருக்கு இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ரத்த உறவுக் கதைக்கும் ஆதாரம் இல்லை. நண்பர் அழைத்தாலும் விசா கிடைக்கும், சம்பந்தி அழைத்தால் கிடைக்காதா? விசா அதிகாரி பார்ப்பது மூன்று விஷயம்: எதற்குப் போகிறீர்கள், யார் செலவு, திரும்பி வருவீர்களா. இந்த மூன்றுக்கும் உண்மையான பதிலைத் தாளில் காட்டினால் போதும்.

சம்பந்தியிடம் ஒரு சாதாரண அழைப்புக் கடிதம் கேளுங்கள். ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கம். உங்கள் இருவரின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அவர்கள் வீட்டில் தங்குகிறீர்கள், வீட்டு முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து. கூடவே அவர்களுடைய அடையாள அட்டையின் இரு பக்க நகல். இதே மாதிரி ஒரு கடிதம் மகனிடமிருந்தும், மீதி நாட்களுக்கு. இரண்டு கடிதத்தின் தேதிகளும் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் இரண்டு நாள் விடுபட்டால் 'அந்த இரண்டு நாள் எங்கே?' என்ற கேள்வி வரும்.

செலவு உங்களுடையது என்றால் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை, வருமான வரிக் கணக்கு. மகன் ஏற்கிறார் என்றால் அரசு முன்னிலையில் ஒரு பொறுப்பேற்புப் பத்திரம் (ஃபெர்ப்ஃளிஷ்டுங்ஸ்எர்க்லேருங்) எழுதித் தர வேண்டும், கட்டணம் 29 யூரோ. நீங்கள் அங்கே இருக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவு, மருத்துவச் செலவு எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். இதை மகனே பிரேமனில் செய்யட்டும், சம்பந்தியைச் சிரமப்படுத்த வேண்டாம். அவர்கள்தான் செய்கிறார்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: ரீசுமுக்குப் பக்கத்து நகரம் எம்டன், சுமார் 15 கிலோமீட்டர். ஆனால் எம்டன் தனி நகர நிர்வாகம். ரீசும் குரும்ஹோர்ன் ஊராட்சியைச் சேர்ந்தது, அந்த ஊராட்சி அவ்ரிஷ் மாவட்டத்தைச் சேர்ந்தது. எம்டன் அலுவலகத்துக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், அவ்ரிஷில் புதிதாக நேரம் வாங்க வேண்டியிருக்கும். பத்திரம் வந்ததும் மூலப்பிரதியைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கேன் பிரதி செல்லாது. கைரேகையை நொடியில் கண்டம் தாண்டி அனுப்புகிற அரசாங்கத்துக்கு இந்த ஒரு தாள் மட்டும் ஏன் விமானம் ஏறி வர வேண்டும் என்று தெரியவில்லை. வயதான பெற்றோர் எத்தனை பேர் இதற்காக அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடுகிறார்கள்!

இனி அந்த ஓட்டல் புக்கிங். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏஜென்ட் காட்டப்போவது பணம் கட்டாத பதிவு. விசா விண்ணப்பம் உள்ளே போனதும் ரத்து செய்துவிடுவார். தூதரகத்திலிருந்து ஓட்டலுக்கு ஒரு போன் போட்டால் குட்டு உடைந்துவிடும். 'பயண நோக்கம் குறித்துத் தந்த தகவல் நம்பத்தக்கதல்ல' என்று நிராகரிப்பார்கள். அந்த நிராகரிப்பு விசா தகவல் அமைப்பில் 5 ஆண்டு இருக்கும். ஜெர்மனி மட்டுமல்ல, பிரான்ஸ், இத்தாலி என்று எந்த ஷெங்கன் நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அது அவர்கள் திரையில் தெரியும். ஏஜென்ட் பெயர் அங்கே இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். பேரக்குழந்தை பிறக்கும்போது போய் நிற்க முடியாமல் போகலாம். உண்மையாகவே தங்குவதற்கு ஒரு வீடும் அழைக்க ஆளும் இருக்கும்போது பொய்யாக ஓட்டலைக் காட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இன்னும் சில வலைகள். தரகர்கள் அப்பாயின்ட்மென்ட் 'ஸ்லாட்' விற்பார்கள். விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்துக்கான நேரத்தை அந்த மையத்தின் இணையதளத்தில் நீங்களே பதியலாம். விடுமுறைக் காலத்துக்கு முன் இடமே கிடைக்காமல் தவிக்க வேண்டியிருப்பது உண்மைதான், அந்த அவலம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள் முன். செப்டம்பர் பயணம் என்றால் மே மாதமே நேரம் தேடத் தொடங்குங்கள். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். 'ஈடியாஸ்' என்று ஒன்றுக்குப் பணம் கேட்டால் தரவே தராதீர்கள். அது விசா இல்லாமல் போகும் நாட்டினருக்கானது, விசா வாங்கும் நமக்கு அது வேண்டாம். 'கணக்கில் ஐந்து லட்சம் போட்டு எடுத்துத் தருகிறேன்' என்பவரையும் விலக்குங்கள். ஓய்வூதியம் மாதாமாதம் வருகிற கணக்கில் திடீரென்று விழும் ஐந்து லட்சம் அதிகாரி கண்ணில் முதலில் படும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லும்படி, தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். கணவரின் வயதையும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் மறைக்காமல் எழுதி வாங்குங்கள். மலிவாகத் தருகிறேன் என்று அதை மறைத்து வாங்கித் தருவார்கள், ஆஸ்பத்திரி பில் வரும்போது கைவிரித்துவிடுவார்கள்.

ஒருவேளை நிராகரித்தால், 'அப்பீல் லெட்டர் எழுதித் தருகிறேன், பத்தாயிரம்' என்று ஒருவர் வருவார். தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது இரண்டே வழி: குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. முதல் வழிதான் உங்களுக்கு. இல்லாத முறையீட்டுக்கு யாரும் கடிதம் எழுதித் தர முடியாது.

இப்போது பயணம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய கப்பலுக்குப் பெயர் தந்த ஊர்தான் எம்டன். பிரேமனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 63 யூரோ (2026 ஜனவரி முதல்). நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளில் செல்லும். ஆனால் இது சந்தா. மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். 30 நாள் கணக்கில்லை, காலண்டர் மாதக் கணக்கு. உங்கள் மூன்று வாரமும் செப்டம்பருக்குள் முடிந்தால்தான் லாபம். பெயருக்கு உரிய டிக்கெட் என்பதால் மாற்றிக்கொள்ள முடியாது. ரயில் நிறுவனத்திடமோ போக்குவரத்து நிறுவனத்திடமோ நேரடியாக வாங்குங்கள்.

இந்த டிக்கெட் ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. மாட்டினால் அபராதம் குறைந்தது 60 யூரோ. ஆனால் உங்கள் வழித்தடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரேமனிலிருந்து எம்டன் வழியாக நோர்டைஷ் கடற்கரை வரை ஓடும் ஐசி ரயில்களில் உள்ளூர் டிக்கெட்டையும் ஏற்கிறார்கள். அந்த ரயில்களுக்கு இரட்டைப் பெயர்: ரயில் நிறுவனத்தின் செயலியில் ஐசி எண்ணோடு 'ஆர்இ 56' என்று உள்ளூர் ரயில் எண்ணும் போட்டிருக்கும். அந்த இரண்டாவது பெயர் இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் ஏறக்கூடாது. இது பிரேமனுக்கும் நோர்டைஷுக்கும் இடையில் மட்டும். அதே ரயில் ஹனோவரிலிருந்து வந்திருக்கலாம், ஹனோவரில் ஏறி இந்த டிக்கெட்டைக் காட்டினால் அபராதம்தான். முதல் வகுப்பில் உட்காரக்கூடாது. இருக்கை முன்பதிவு இதில் சேராது. யாராவது முன்பதிவு செய்த இருக்கை என்றால் எழுந்து கொடுக்க வேண்டும், மேலே உள்ள சிறு பலகையில் பார்த்துவிட்டு உட்காருங்கள். ஊருக்குப் புதியவர்கள் 'ஐசியில் செல்லாது' என்று கேட்டுவிட்டு, கண்ணெதிரே நிற்கும் வசதியான ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். அல்லது இங்கே செல்கிறதே என்று வேறு தடத்தில் ஐசியில் ஏறி மாட்டிக்கொள்வார்கள்.

கஷ்டம் எம்டனிலிருந்து கிராமம் வரைக்குமான கடைசி 15 கிலோமீட்டரில்தான். அந்தப் பக்கத்துப் பேருந்துகள் பள்ளிப் பிள்ளைகளை நினைத்து ஓட்டப்படுபவை. கால அட்டவணையில் நேரத்துக்கு மேல் 'எஸ்' என்று இருந்தால் பள்ளி நாளில் மட்டும், 'எஃப்' என்றால் பள்ளி விடுமுறையில் மட்டும். சனிக்கிழமை மாலை மிகக் குறைவு, ஞாயிறு அதைவிடக் குறைவு. 'அன்ரூஃப்புஸ்' என்று எழுதியிருந்தால் அது தானாக வராது, முன்கூட்டிப் போனில் பதிந்தால்தான் வரும். நிறுத்தத்தில் போய் நின்றால் இருட்டும் வரை நிற்க வேண்டியதுதான். கிராமத்து மக்கள் எல்லோருக்கும் கார் இருக்கிறது என்று முடிவு கட்டி அட்டவணை போடுகிறார்கள். கார் ஓட்டாத முதியவர்களை யாரும் நினைப்பதில்லை. ஆகவே சனிக்கிழமை மாலைத் திட்டத்தை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை பகலில் எம்டன் சேருங்கள். சனிக்கிழமைதான் முடியும் என்றால் சம்பந்தியை ரயில் நிலையத்துக்குக் காரில் வரச் சொல்லுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அங்கே அது வழக்கமான உதவி. டாக்ஸி வேண்டுமானால் மகன் முந்தின நாளே போனில் சொல்லிவைக்கட்டும், கையில் ரொக்கம் இருக்கட்டும்.

ரீசும், கடலுக்குக் கரை கட்டுவதற்கு முன்பே மண்ணைக் குவித்து எழுப்பிய மேட்டில் வட்டமாக அமைந்த ஊர். உச்சியில் தேவாலயம், அதில் 15-ஆம் நூற்றாண்டு ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது. கடைத்தெருவை எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், வேண்டியதைச் சனிக்கிழமையே எம்டனிலோ பக்கத்து ஊரான பெவ்சுமிலோ வாங்கி வையுங்கள். குடையைவிடக் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் உதவும், அங்கே குடை திரும்பிக்கொள்ளும். கடற்கரைக் கரைமேட்டில் ஆடு மேயும், கடந்த வாசற்கதவைத் திரும்பச் சாத்துங்கள். கடல் நீர் வடிந்த சேற்று நிலத்தில் வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது. கடல் திரும்ப ஏறும்போது ஓடைகளில் நீர் பின்பக்கமாக ஏறி வழியை அடைத்துவிடும். இரவில் மருத்துவர் தேவை என்றால் 116117, உயிர் ஆபத்து என்றால் 112.

சம்பந்தி வீட்டில் முதலில் வருவது தேநீர். கோப்பையில் பெரிய கற்கண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் கொதிக்கும் கறுப்புத் தேநீரை ஊற்றுவார்கள், கற்கண்டு 'படபட' என்று வெடிக்கும். ஓரமாகக் கொஞ்சம் க்ரீம் விடுவார்கள், அது மேகம் போல் மேலே விரியும். கலக்காதீர்கள். முதலில் க்ரீம், பிறகு கசப்பு, அடியில் இனிப்பு என்று வரிசையாகக் குடிப்பதுதான் முறை. அந்தத் தேயிலையில் பெரும்பங்கு நம் அசாம்தான். மூன்று கோப்பை மரியாதை. போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், கரண்டியைக் கோப்பைக்குள் வையுங்கள். வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அன்பளிப்பாகப் பால்கோவா, நெய் எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வராது, சுங்கத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். கறிவேப்பிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பித்தளை விளக்கு, பட்டுத் துண்டு எடுத்துப் போகலாம். விமானத்தில் வருபவருக்கு ஆளுக்கு 430 யூரோ மதிப்பு வரை வரி கிடையாது.