கிளினிக் நாளில் மட்டும் ஏறும் பிரஷர்

வாசகர் கேள்விகள்: இதயமும் இரத்தோட்டமும்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பிரஷரும் சீனியும் இருக்கின்றன. வீட்டு மெஷினில் 130 மட்டில் நிற்கிறது. கிளினிக்கில் போன தடவை 165, அதற்கு முந்தின தடவை 170. குளிசையைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: கிளினிக் நாள் காலையில் அம்மா பிரஷர் குளிசை போட்டாரா என்று முதலில் கேளுங்கள். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், எல்லாக் குளிசையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். சாப்பிடும் வரை தள்ளிவைக்க வேண்டியது சீனிக் குளிசையும் காலை இன்சுலினும்தான். பிரஷர் குளிசையை வழமையான நேரத்தில் வெறும் தண்ணீரோடு போடலாம், பரிசோதனை கெடாது. படுவான்கரையிலிருந்து விடியவே பஸ் ஏறி, பசியோடும் சலத்தை அடக்கிக்கொண்டும் வரிசையில் நிற்பவருக்குக் குளிசையும் இல்லையென்றால் பிரஷர் ஏறத்தான் செய்யும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால், வீட்டில் எழும்பும்போது தலை சுற்றி விழுவார்.

வீட்டு அளவும் சரியாக எடுத்தால்தான் வைத்தியருக்கு உதவும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், மேற்கையில் கட்டுவதே நல்லது. பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் எண் கூடிக் காட்டும். தேநீர், புகையிலை போட்ட வெற்றிலை எதுவானாலும் அரை மணித்தியாலம் போகட்டும். முதுகைச் சாய்த்து, காலை நிலத்தில் பதித்து, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை மேசையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் கூடிக் காட்டும். காலையில் குளிசைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை, 7 நாள் எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அது 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். மெஷினையும் அந்தக் கொப்பியையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாகக் குளிசையைக் குறைக்க வேண்டாம்.

180/120க்கு மேல் காட்டினால் 5 நிமிடம் இருத்தித் திரும்பப் பாருங்கள். நெஞ்சு நோ, மூச்சிளைப்பு, பேச்சுக் குளறல், ஒரு பக்கம் சோர்தல், பார்வை மங்கல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். குளிசையை நாக்குக்கடியில் வைத்துப் பிரஷரைச் சட்டென்று இறக்கும் பழக்கம் ஆபத்தானது. மூளைக்கு இரத்தம் போதாமல் போய்விடும்.

கேள்வி: அப்பாவுக்கு இரவு நெஞ்செரிவும் வியர்வையும். வாய்வு என்று இஞ்சி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் ஈசிஜி எடுத்தோம், சரியாக இருக்கிறது. இனிப் பயமில்லையா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: ஒரு ஈசிஜியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மாரடைப்பு வந்தவருக்கும் முதல் ஈசிஜி சாதாரணமாக இருக்கலாம். அதனால்தான் ஈசிஜியைத் திரும்ப எடுப்பதும், ட்ரொபோனின் என்ற இரத்தப் பரிசோதனையைச் சில மணித்தியாலம் விட்டு மறுபடி செய்வதும். இரவு நடந்ததைச் சொல்லி இன்றைக்கே திரும்பக் காட்டுங்கள்.

வாய்வுக்கு வியர்த்துக் கொட்டாது. நெஞ்சு இறுக்கம் 15 நிமிடத்துக்கு மேல் நிற்பது, தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, குமட்டல் ஆகியவை மாரடைப்பைக் காட்டுபவை. சீனி வருத்தக்காரருக்கும் வயதான பெண்களுக்கும் நோவே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிளைப்புமாக வரலாம்.

அந்த நேரம் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம். ஆளை நடக்கவிடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். அஸ்பிரின் ஒவ்வாதவராகவோ வயிற்றுப்புண்ணில் இரத்தம் போனவராகவோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கக் கொடுக்கலாம். பக்கவாதம் போலிருந்தால் கொடுக்கவே கூடாது. நாடி அடைபட்ட மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் 12 மணித்தியாலத்துக்குள் பலன் தரும். அதிலும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கிடைத்தால் இதயத் தசை கூடுதலாகத் தப்பும். விடியட்டும் என்று காத்திருந்தால் போவது அந்த நேரம்தான்.

கேள்வி: அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை தொடங்கிய பிறகு பின்னேரமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. குளிசையை நிறுத்தலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நிறுத்த வேண்டாம், அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அந்தக் குளிசை சிறு நாடிகளை விரிப்பதால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. 10 மில்லிகிராமில் கூடுதலாக வரும்; 5 ஆகக் குறைத்தாலோ லொசாட்டன் போன்ற இன்னொரு பிரஷர் குளிசையைச் சேர்த்தாலோ பெரும்பாலும் வடியும். சலம் போகும் குளிசைக்கு இந்த வீக்கம் அவ்வளவாக அசையாது, ஆகவே அதை வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால் அது வேறு. நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வீக்கத்தோடு படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை தேவைப்பட்டாலோ, மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ இதயம் பலவீனமாகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் அடுத்த கிளினிக் வரை பொறுக்கக் கூடாது.