ஓ.டி.பி. சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்றா?
(வங்கி கேள்வி–பதில் பகுதி)

கேள்வி: "இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று அப்பாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த எண்ணை அழைத்தார். எதிர்முனையில் பேசியவன் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னான். சற்று நேரத்தில் மூன்று தவணையாக 74,000 ரூபாய் போய்விட்டது. "ஓ.டி.பி. உங்களுக்குத்தானே வந்தது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறது வங்கி. அவ்வளவுதானா அம்மா?

பதில்: அவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான். வாடிக்கையாளரைச் சீக்கிரம் வாசலுக்கு அனுப்ப அந்த வாக்கியம் எவ்வளவு வசதியானது என்று எனக்குத் தெரியும்.

அப்பா ஓ.டி.பி.யை வாய் திறந்து சொல்லியிருக்கவே வேண்டாம். அந்தச் செயலி அவருடைய திரையை அப்படியே அவனுக்குக் காட்டும். பத்து ரூபாய் கட்ட அவர் விரலால் தொட்ட எழுத்துகளையும், மேலே எட்டிப் பார்த்த குறுஞ்செய்தியையும் அவன் படித்துக்கொண்டிருந்திருப்பான். அந்தப் பத்து ரூபாய், கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வைப்பதற்கான சாக்கு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் பற்றி வங்கியில் கேளுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரைதான் நஷ்டம் அவருடையது. தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல், இடையில் எங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே கிடையாது என்கிறது அதே சுற்றறிக்கை.

ஆகவே உங்கள் அப்பா வங்கிக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்? உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடவில்லை. மூன்றாவது தவணை அதற்குப் பிறகு போயிருந்தால் அந்தத் தொகையை விடாதீர்கள். கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள். வங்கியிலிருந்து புகார் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு இன்னும் பேசவில்லை என்றால், இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் பேசுங்கள். திருட்டுப் பணம் ஒரே கணக்கில் தங்காது. கணக்கு மாறி, கணக்கு மாறி கடைசியில் ரொக்கமாகிவிடும். அது வழியில் ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்போது முடக்கினால்தான் உண்டு. கணக்கு எண்ணையும், ஒவ்வொரு தவணைக்கும் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தச் செயலி இன்னும் கைப்பேசியில் இருந்தால் இணையத்தைத் துண்டித்து நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு கைப்பேசியில் மாற்றுங்கள்.

அப்பாவைத் திட்டாதீர்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று இன்னொருவன் அழைப்பான். திட்டு வாங்கியவர் அந்த அழைப்பை உங்களிடம் சொல்ல மாட்டார்.

கேள்வி: பழைய பீரோவை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். வாங்குபவர் ஒரு க்யூ.ஆர். குறியீட்டை அனுப்பி, "ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய பின் (PIN) எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார்.

பதில்: பணம் வருவதற்கு பின் (PIN) எண் தேவையில்லை. பீரோவை வேறு ஆளுக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி: வீடியோ அழைப்பில் காவல் சீருடையில் ஒருவர் தோன்றி, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது" என்று என் சகோதரியை மிரட்டினார். நீதிமன்ற ஆணையும் காட்டினார். இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

பதில்: இந்தியச் சட்டம் எதிலும் கிடையாது. ஆணையைக் கண்டு மிரள வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணை தயாரித்து, ஹரியானாவில் முதிய தம்பதியின் சேமிப்பைப் பறித்தார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டுவதில்தான் இவர்களுடைய பிழைப்பே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அறைக்குள் வந்து "யார் போனில்?" என்று கேட்டால் பாதி வித்தை கலைந்துவிடும். சகோதரி பணம் அனுப்பவில்லை என்றால் அந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். என் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் ஒரு மாதம் கொடுத்தால் 5,000 ரூபாய் தருவதாக நண்பனின் நண்பன் சொல்கிறான். ஆபத்து உண்டா?

பதில்: தம்பி, முதல் கேள்வியில் ஒருவருடைய அப்பாவின் 74,000 ரூபாய் போயிற்றே, அது போய் நிற்பது இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகளில்தான். காவல்துறை தேடி வரும்போது கிடைக்கும் பெயரும் முகவரியும் உன்னுடையவை. அவனுடைய பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. ஏற்கெனவே கொடுத்துவிட்டாயென்றால் இன்றே கிளைக்குப் போய் அட்டையை முடக்கச் சொல். கணக்கில் வந்து போன தொகைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, வீட்டில் பெரியவர் ஒருவருடன் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போ.