சட்டத்தில் தேடிக் கிடைக்காத விதி

கேள்வி: பிரியாணியும் சமோசாவும் விற்கச் சிறு கடை தொடங்க எண்ணுகிறேன். சுகாதார அலுவலர் ஒருவர், ஆர் 638-இன்படி சான்றிதழ் வேண்டும் என்றார். 1972ஆம் ஆண்டின் உணவுப்பொருள் சட்டத்தை முழுவதும் படித்தேன். அந்த எண்ணே அதில் இல்லை. அது எங்கே இருக்கிறது?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: சகோதரி, நீங்கள் படித்தது சரியான சட்டம்தான். ஆனால் நாடாளுமன்றச் சட்டம் அடிப்படைகளை வகுத்துவிட்டு, நுணுக்கங்களை அமைச்சரின் பொறுப்பில் விடுவது வழக்கம். 1972ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு சுகாதார அமைச்சர் பிறப்பித்த விதிமுறைகளே, 2018 ஜூன் 22ஆம் நாள் அரசிதழில் ஆர் 638 என்ற எண்ணில் வெளிவந்தன. உணவு தயாரிக்கும் இடத்திற்கு ஏற்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது அவற்றில்தான் உள்ளது.

எண்ணோடு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண் வேறோர் ஆண்டின் அறிவிப்புக்கும் இருக்கக்கூடும். பழைய கடைக்காரர்கள் சிலர் 2012ஆம் ஆண்டின் ஆர் 962 என்ற முந்தைய விதிமுறைகளைக் காட்டலாம். 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தபோதே அது நீக்கப்பட்டுவிட்டது.

இவற்றுக்கும் கீழே டர்பனை ஆளும் எத்தெக்வினி நகராட்சியின் துணைவிதிகள் உள்ளன. அவற்றைத் தேசிய அரசிதழில் தேடிப் பயனில்லை. மாகாண அரசிதழில் வெளியான பிறகே ஒரு துணைவிதியை நடைமுறைப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 162ஆம் பிரிவு கூறுவதால், உங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் அரசிதழில் அது வெளியான நாளை அலுவலரிடம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

எளிய மக்களை உண்மையில் வருத்துவது வேறொன்று. சட்டம் திருத்தப்படும்போது திருத்தச் சட்டம் தனியாகவே அரசிதழில் வருகிறது. இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்க என்றிருக்கும் அதனைப் பழைய வாசகத்தோடு பொருத்திப் படிக்கும் சுமை படிப்பவர்மேல் விழுகிறது. விதிமுறைகள் பொதுமக்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 101ஆம் பிரிவு சொல்லும் நாட்டில் இது சரியன்று என்பதே என் கருத்து. மதித்துப் போற்றப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாக 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டும், அரசிதழ் நமக்குத் தமிழில் வருவதில்லை. ஆகவே ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆர் 638 அரசு இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். சான்றிதழுக்கு நகராட்சியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதனை இன்னொருவர் பெயருக்கோ இன்னோர் இடத்திற்கோ மாற்ற இயலாது என்பதால், கடை வைக்கும் இடத்தை உறுதிசெய்த பிறகு விண்ணப்பியுங்கள்.